204 டிகிரியில் ஒரு பொய்!

ரெக்கார்டு நோட்டில் ஒரு நம்பரை மாத்தி எழுதினா யாருக்கு என்ன நஷ்டம்? ‘ஒண்ணும் இல்லை’ன்னுதான் நானும் நினைச்சேன். அந்த நம்பர் ஒரு பாட்டில் மேல ஏறி, ரெண்டு மாடி தாண்டிப் போய், ஒரு அக்காவோட ரெண்டு நாள் உழைப்பைக் காலி பண்ணும் வரைக்கும்!

‘‘மச்சி, எவ்ளோ?’’

‘‘117-லயே வேர்க்க ஆரம்பிச்சிருச்சுடா...’’

‘‘புக்ல எவ்ளோ?’’

‘‘204.’’

ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். தெர்மாமீட்டர் 150-ஐத் தாண்டியும் கண்ணாடிக் குழாய்க்குள்ள இருந்த வெள்ளைத் தூள் பாதி உருகி, பாதி உருகாம ரவா உப்புமா மாதிரி நின்னுச்சு. மணி நாலே கால். லேப் முடிய இன்னும் 15 நிமிஷம். என் லேப் பார்ட்னர் அமைதியா சீனியர் ரெக்கார்டைத் திறந்தான்.

இது போன வருஷக் கதை. நான் திருச்சிப் பக்கம் ஒரு காலேஜில் கெமிக்கல் இன்ஜினீயரிங் படிக்கிறேன். வீடு ஸ்ரீரங்கம். மூணாவது செமஸ்டரில் எங்களுக்கு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேப் உண்டு. ‘இன்ஜினீயருக்கு எதுக்குப்பா இந்த வேலை?’ன்னு அலுத்துக்கிட்டே வெள்ளைக் கோட்டை மாட்டிக்கிட்டு நிக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தன். அன்னிக்கு எங்களுக்கு வந்த வேலை, ஒரு ஆசிட்டில் புரோமினை ஏத்தணும்.

பட்டையோட சொந்தக்காரன்!

அந்த ஆசிட்டோட பேரு சின்னமிக் ஆசிட். பிரியாணியில் போடுற பட்டை இருக்கு இல்லையா, அதோட வாசனைக்குக் காரணமான பொருளுக்கு நெருங்கின சொந்தம். சுத்தமான வெள்ளைப் பொடி. சரியா 133 டிகிரி செல்சியஸில் உருகும். மூலக்கூறை ஒரு ரயில் மாதிரி நினைச்சுக்கங்க. ஒரு பக்கம் இன்ஜின், அதாவது பென்சீன் வளையம். கடைசிப் பெட்டி, ஆசிட் குரூப். நடுவில் ரெண்டு கார்பன், இரட்டைப் பிணைப்பில் கையைக் கோத்துக்கிட்டு நிக்குது. நாம பண்ண வேண்டியது அந்தக் கையில் ஒண்ணைப் பிரிச்சு, ஆளுக்கு ஒரு புரோமினைக் கொடுத்து அனுப்புறது. அவ்வளவுதான்!

கிடைக்கிற பொருளோட பேரு 2,3-டைபுரோமோ-3-ஃபினைல்புரோப்பனாயிக் ஆசிட். இந்தப் பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள 1-ம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்தையே தாண்டிடும். அதனால இனிமே ‘டைபுரோமைடு’ன்னே கூப்பிடுவோம். இது 203, 204 டிகிரி பக்கம்தான் உருகும். உருகும்போதே சிதையவும் ஆரம்பிச்சுடும்.

இதில் ஒரு அழகான சமாச்சாரம் இருக்கு. ரெண்டு புரோமினும் ஒரே பக்கத்திலிருந்து ஏறாது. முதல் புரோமின் ரெண்டு கார்பனுக்கும் நடுவில் பாலம் போட்டு உக்கார்ந்துடும். டவுன் பஸ்ஸில் முன்வாசலை அடைச்சுக்கிட்டு ஒருத்தன் தொங்கினா, அடுத்தவன் பின்வாசல் வழியாத்தானே ஏறியாகணும்? அதே மாதிரி ரெண்டாவது புரோமின் பின்பக்கமா வந்து ஏறும். இந்தப் ‘புரோமின் பாலம்’ ஐடியாவை 1937-ல் ராபர்ட்ஸ், கிம்பல்னு ரெண்டு பேர் சொன்னாங்க. ரெண்டும் ஒரே பக்கமா ஏறியிருந்தா கிடைக்கிற பொருள் 95 டிகிரி பக்கமே உருகிடும். அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, ஏறின வாசல்தான் வேற. அதுக்கே 100 டிகிரிக்கு மேல வித்தியாசம்!

‘சரி, புரோமினை ஏத்தி என்ன பண்ணப் போறோம்?’னு கேக்குறீங்களா? புரோமின் ஒரு கைப்பிடி மாதிரி பாஸ். வெறும் கார்பனைப் பிடிச்சு இழுக்க முடியாது. புரோமின் ஒட்டியிருந்தா அந்த இடத்தில் வேற எதை வேணும்னாலும் மாட்டலாம். 2010-ல் ஹெக், நெகிஷி, சுசூகி மூணு பேருக்கும் நோபல் வாங்கிக் கொடுத்த கார்பன்-கார்பன் இணைப்பு வேலையில் புரோமின் கைப்பிடிகளுக்குப் பெரிய பங்கு. மருந்து தயாரிப்பில் இது தினசரிப் புழக்கம். நீங்க போட்டிருக்கிற பாலியஸ்டர் சட்டையோட மூலப்பொருளான டெரிஃப்தாலிக் ஆசிட்டைத் தொழிற்சாலையில் செய்யும்போதுகூட, கோபால்ட், மாங்கனீஸோட புரோமைடும் சேர்ந்துதான் வேலையை ஓட்டுது.

கலர் போனா காரியம் ஆச்சா?

திரவ புரோமினை எங்க கையில் கொடுக்கலை. அது நல்லதுக்குத்தான். அதுக்குப் பதிலா பிரிடினியம் ட்ரைபுரோமைடுன்னு ஒரு திடப்பொருள். புரோமினைத் தன் மேல சுமந்துக்கிட்டு இருந்து, தேவைப்படும்போது இறக்கிக் கொடுக்கும். நல்லா இருந்தா பளிச்சுன்னு ஆரஞ்சு-சிவப்பு நிறத்தில் இருக்கும். எங்களுக்குக் கிடைச்ச பாட்டிலில் இருந்தது பழுத்த எலுமிச்சம்பழக் கலர். லேபிள் என்னவோ சரியாத்தான் இருந்துச்சு. நாங்களும் லேபிளைத்தான் பார்த்தோம்.

1.48 கிராம் சின்னமிக் ஆசிட்டை அசிட்டிக் ஆசிட்டில் கரைச்சு, லேசா சூடு பண்ணி, அந்தப் பொடியைக் கொட்டினோம். மஞ்சள் நிறம் கண்ணு முன்னாடியே காணாமப் போச்சு. ‘‘சூப்பர்டா, என்னா ஸ்பீடு பாரு!’’ன்னு ஹைஃபைவ் வேற. உண்மையில் அங்கேதான் மண்டையில் மணி அடிச்சிருக்கணும். புரோமின் போதுமான அளவு இருந்தா, வேலை முடிஞ்ச பிறகும் கொஞ்சம் ஆரஞ்சு நிறம் மிச்சம் நிக்கும். மிச்சமே இல்லாம வெளுத்துப் போச்சுன்னா, பந்தியில் பாதிப் பேர் உக்கார்ந்திருக்கும்போதே சாப்பாடு தீர்ந்து போச்சுன்னு அர்த்தம். பழைய பொடி, நாளாக நாளாகத் தன் புரோமினைக் காத்தில் விட்டிருக்கு. எங்க சின்னமிக் ஆசிட்டில் ஒரு பங்கு அப்படியே பட்டினியா நின்னுடுச்சு.

தண்ணீரில் ஊத்தினதும் வெள்ளை வெளேர்னு படிவு. வடிகட்டிக் காயவெச்சா பார்க்க டைபுரோமைடு மாதிரியே இருந்துச்சு. சின்னமிக் ஆசிட் வெள்ளை, டைபுரோமைடு வெள்ளை, ரெண்டும் கலந்ததும் வெள்ளை! உருகுநிலை பார்த்தபோதுதான் குட்டு உடைஞ்சுது. சுத்தமான பொருள்னா ஒண்ணு, ரெண்டு டிகிரிக்குள்ள டக்குனு உருகணும். ரெண்டு பொருள் கலந்தா, ரெண்டோட உருகுநிலைக்கும் கீழேயே உருக ஆரம்பிச்சு இழுத்துக்கிட்டே போகும். 117-ல் ஆரம்பிச்சதுக்கு அர்த்தம் அதுதான். குழாய் எங்ககிட்ட உண்மையைத்தான் சொல்லுச்சு.

அந்த ஒரு வரி

சீனியர் ரெக்கார்டில் ‘உருகுநிலை 204 டிகிரி, விளைச்சல் 85 சதவிகிதம்’னு இருந்துச்சு. அவரோட சீனியர் ரெக்கார்டிலும் அதேதான் இருந்திருக்கும். பல பேட்ச் கைமாறின நம்பர் அது.

‘‘டேய், எல்லாரும் இதான் எழுதுவாங்க. திரும்பப் பண்ண டைம் இல்லை. எழுதுடா’’ன்னான் பார்ட்னர். பழியை அவன் மேல போட மாட்டேன். பேனா என் கையில்தான் இருந்துச்சு. ‘204 டிகிரி’ன்னு எழுதினேன். 85-னு போட்டா சந்தேகம் வரும்னு 84 சதவிகிதம்னு போட்டேன். என்னா அறிவு பாருங்க! பத்துக்கு ஒன்பது மார்க். வெள்ளைப் பொடியைச் சின்ன பாட்டிலில் போட்டு, லேபிள் ஒட்டி, தேதி போட்டு, ‘204’ன்னு எழுதி அலமாரியில் வெச்சுட்டுக் கேன்டீனுக்குப் போயிட்டோம். கதை முடிஞ்சதுன்னு நினைச்சோம்.

மூணு வாரம் கழிச்சு, கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்டில் பிஹெச்.டி பண்ற ஒரு அக்கா எங்க கிளாஸ் வாசலில் வந்து நின்னாங்க. கையில் அந்த பாட்டில்.

‘‘இது உங்களோடதா தம்பி?’’

‘‘ஆமாக்கா...’’

‘‘இதுக்கு 204 வந்துச்சா?’’

நான் தரையைப் பார்த்தேன். அவங்களுக்குப் புரிஞ்சு போச்சு.

விஷயம் இதுதான். டைபுரோமைடிலிருந்து ஆல்கஹால் கலந்த பொட்டாஷியம் ஹைட்ராக்சைடை வெச்சு ரெண்டு ஹைட்ரஜன் புரோமைடை உருவிட்டா, ரெண்டு கார்பனுக்கும் நடுவில் முப்பிணைப்பு வந்துடும். ஃபினைல்புரோப்பியோலிக் ஆசிட்னு பேரு. அக்காவுக்கு அது கொஞ்சம் தேவைப்பட்டிருக்கு. ‘ஸ்டூடன்ட்ஸ் பண்ணின டைபுரோமைடு சும்மாத்தானே கிடக்கு, 204-ன்னு வேற போட்டிருக்கு’ன்னு நம்பி எடுத்திருக்காங்க. ஒரு நாள் பூரா காய்ச்சி, மறுநாள் பூரா பிரிச்செடுத்துப் பார்த்தா கலவையாவே வருது. எங்கே தப்பு நடந்துச்சுன்னு தெரியாம தன் கை மேலயே சந்தேகப்பட்டிருக்காங்க.

இதில் ஒரு விபரீதம் இருக்கு. அவங்களுக்கு வேண்டிய முப்பிணைப்பு ஆசிட் உருகுறது 136 டிகிரி பக்கம். நாங்க மிச்சம் வெச்ச சின்னமிக் ஆசிட் உருகுறது 133! ரெண்டுக்கும் மூணே டிகிரிதான் வித்தியாசம். அக்கா தெர்மாமீட்டரை மட்டும் நம்புற ஆளா இருந்திருந்தா, எங்க பொய் அவங்க நோட்டுக்குள்ளயும் புகுந்திருக்கும். நல்லவேளை, ஐ.ஆர். எடுத்துப் பார்த்தாங்க. போயிருக்க வேண்டிய இரட்டைப் பிணைப்பு 1,630 பக்கம் ஜம்முனு உக்கார்ந்திருக்கு!

அவங்க திட்டியிருந்தாகூடத் தாங்கியிருப்பேன். ‘‘அடுத்த தடவை லேபிள்ல என்ன வந்துச்சோ அதையே எழுதுங்க தம்பி’’ன்னு மட்டும் சொல்லிட்டு, ஒரு கதையும் சொன்னாங்க.

தப்புகளின் அலமாரி

1820-கள். பிரான்ஸில் மாண்ட்பெல்லியே ஊரில் அன்த்வான் பலார்னு ஒரு இளைஞன். வயசு இருபத்தி சொச்சம், நம்ம செட்டு! உப்பளத்தில் உப்பு எடுத்த பிறகு மிஞ்சுற கசப்புத் தண்ணீரை வெச்சு ஆராய்ச்சி பண்ணும்போது, செங்காவி நிறத்தில், மூக்கைத் துளைக்கிற நாத்தத்தோட ஒரு திரவம் கிடைச்சுது. இது ஏற்கெனவே தெரிஞ்ச பொருளான்னு மெனக்கெட்டு சோதிச்சான். இல்லை, இது புது தனிமம்னு முடிவுக்கு வந்து 1826-ல் வெளியிட்டான். கிரேக்க மொழியில் நாத்தம்னு பொருள்படும் சொல்லிலிருந்து ‘புரோமின்’னு பேர் வந்துச்சு.

அதே சமயம் ஜெர்மனியில் கார்ல் லோவிக்னு இன்னொரு மாணவனும் ஒரு உப்பு ஊற்றுத் தண்ணீரிலிருந்து இதையே எடுத்திருந்தான். அவனோட பேராசிரியர் ‘இன்னும் கொஞ்சம் தயார் பண்ணிக்கிட்டு வா’ன்னு சொல்ல, அந்த இடைவெளியில் பலார் முந்திக்கிட்டான்.

ஆனா அக்கா சொல்ல வந்தது மூணாவது ஆளைப் பத்தி. யூஸ்டஸ் ஃபான் லீபிக். வேதியியலில் சூப்பர் ஸ்டார். நம்ம லேபில் இருக்கிற லீபிக் கண்டென்சர் அவர் பேரில்தான் இருக்கு. பலார் வெளியிடுறதுக்கு முன்னாடியே ஒரு பாட்டில் புரோமின் அவர் கைக்கு வந்துடுச்சு! அவர் மேலோட்டமா பார்த்துட்டு ‘இது அயோடின் குளோரைடு’ன்னு லேபிள் ஒட்டி வெச்சுட்டார். பலாரோட செய்தி வந்தப்போதான் தலையில் கையை வெச்சார். ஒரு புது தனிமமே கையில் இருந்தும் நழுவிடுச்சு, ஒரு லேபிளால!

அதுக்கப்புறம் அவர் செஞ்சதுதான் ஹைலைட். அந்த பாட்டிலைத் தூக்கிப் போடலை. ‘தப்புகளின் அலமாரி’ன்னு ஒண்ணில் வெச்சு, வர்றவங்களுக்குக் காட்டினாராம்.

‘‘லீபிக் தெரியாம தப்பா ஒட்டினார். நீங்க...?’’ன்னு கேட்டு நிறுத்தினாங்க அக்கா. மிச்சத்தை நானே முடிச்சுக்கிட்டேன். நான் தெரிஞ்சே ஒட்டினேன்.

பாட்டியின் பதம்

அன்னிக்கு சாயந்திரம் சித்திரை வீதியில் வீட்டுக்குள்ள நுழையும்போதே வெல்ல வாசனை. தீபாவளி வாரம். பாட்டி அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கிட்டு இருந்தாங்க. கொதிக்கிற பாகில் ஒரு சொட்டு எடுத்து, கிண்ணித் தண்ணியில் விட்டு, விரலால உருட்டிப் பார்க்கிறாங்க. உருட்ட வரலை. மறுபடி காய்ச்சல். மறுபடி சொட்டு.

‘‘கடைக்காரர் பாகு வெல்லம்னு சொல்லித்தானே கொடுத்தார், அப்புறம் எதுக்குப் பாட்டி சும்மா சும்மா பார்க்கறே?’’

‘‘அவன் சொன்னா ஆச்சாடா? அதிரசத்துக்கு உருண்டை மெத்துனு இருக்கணும். மனோகரத்துக்குன்னா தட்டில் போட்டா டங்குன்னு சத்தம் கேக்கணும். பார்க்காம மாவைக் கொட்டினா மாவும் போச்சு, வெல்லமும் போச்சு. பண்டிகையும் போச்சு!’’

எங்க சிலபஸில் ‘கேரக்டரைசேஷன்’னு பயமுறுத்துற வார்த்தைக்குப் பாட்டி அகராதியில் ஒரே வார்த்தைதான்... பதம்! பொருளைச் செய்யறது பாதி வேலை. செஞ்சது அதுதானான்னு பார்க்கிறது மீதி வேலை. செயற்கை வைரக்கல் பட்டை தீட்டுறதுக்குப் பேர்போன நம்ம திருச்சிக்காரங்களுக்கு இதைச் சொல்லியா தரணும்? பளபளன்னு இருக்கிறதெல்லாம் ஒண்ணு இல்லையே.

திருவானைக்காவல் தந்த கண்ணாடி

எங்க பொடி என்னதான்னு முழுசா பார்த்துடலாம்னு அக்கா முடிவு பண்ணினாங்க. தினமும் நான் காலேஜுக்குப் போற வழியில், சத்திரம் பஸ் ஸ்டாண்டை ஒட்டின செயின்ட் ஜோசப் காலேஜில் ‘ஆர்ச்பிஷப் கசிமிர் இன்ஸ்ட்ருமென்டேஷன் சென்டர்’னு ஒரு இடம் இருக்கு. திருச்சி வட்டாரத்திலிருந்து வர்ற ஏகப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளில் நன்றி சொல்ற பகுதியில் இந்தப் பேரைப் பார்க்கலாம். 1844-ல் ஆரம்பிச்ச காலேஜ். அப்துல் கலாமும், எங்க ஸ்ரீரங்கத்து சுஜாதாவும் இயற்பியல் படிச்ச இடம். இத்தனை வருஷமா பஸ்ஸிலிருந்து சர்ச் கோபுரத்தை மட்டும்தான் பார்த்திருக்கேன். உள்ளே மூலக்கூறுக்கு ஜாதகம் கணிக்கிறாங்கன்னு தெரியாது!

ஐ.ஆர். எப்படி வேலை பார்க்குதுன்னா, ஒவ்வொரு பிணைப்பும் ஒரு வீணைத் தந்தி மாதிரி, தனக்குன்னு ஒரு ஸ்வரத்தில் அதிரும். அகச்சிவப்புக் கதிரை உள்ளே விட்டா, தன் ஸ்வரத்துக்குப் பொருந்துறதை மட்டும் விழுங்கிக்கும். சின்னமிக் ஆசிட்டில் இரட்டைப் பிணைப்பு 1,630 பக்கம் விழுங்கும். டைபுரோமைடில் அந்தப் பிணைப்பே இல்லை, அதனால அந்தக் கோடும் இருக்கக் கூடாது. ஆசிட் குரூப் ரெண்டிலும் இருக்கும், ஆனா இடம் கொஞ்சம் நகரும்... 1,680 பக்கம் இருந்தது 1,700-ஐத் தாண்டும். கார்பன்-புரோமின் பிணைப்பு கனமான ஆள், மெதுவாத்தான் ஆடுவார். 500-லிருந்து 700-க்குள்ள தேடணும்.

அந்தக் கனமான ஆளைப் பிடிக்க இன்னொரு கில்லாடி இருக்கார். ராமன் நிறமாலை! எங்க தீவிலேயே, ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிற திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7-ம் தேதி பிறந்தவர் சர் சி.வி.ராமன். ஒரு பொருளின் மேல ஒளி பட்டுச் சிதறும்போது கிட்டத்தட்ட எல்லாமே போன நிறத்திலேயே திரும்பும். கோடியில் ஒண்ணு மாதிரிதான் மூலக்கூறோட அதிர்வில் கொஞ்சம் சக்தியைக் கொடுத்துட்டோ, வாங்கிக்கிட்டோ நிறம் மாறி வரும். 1928 பிப்ரவரி 28-ம் தேதி கல்கத்தாவில் அவர் பிடிச்சது அந்தக் கோடியில் ஒண்ணைத்தான். அதுக்காகத்தான் அந்தத் தேதி தேசிய அறிவியல் நாள். 1930-ல் நோபல்.

நான் அசந்து போனது அதில் இல்லை. ராமனும் கே.எஸ்.கிருஷ்ணனும் ‘நேச்சர்’ இதழுக்கு எழுதின முதல் குறிப்பிலேயே, ஏறக்குறைய 60 திரவங்களில் சோதிச்சுப் பார்த்துட்டோம்னு சொல்லியிருக்காங்க. ஒண்ணில் தெரிஞ்சதும் ஓடிப்போய் எழுதலை. அறுபது! நான் ஒரே ஒரு குழாய் சொன்னதைக்கூட எழுதலை.

ஐ.ஆருக்கு மங்கலா தெரியுறது ராமனுக்குப் பளிச்சுன்னு தெரியும், அங்கே பளிச்சுன்னு இருக்கிறது இங்கே மங்கும். கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்பு ராமனில் சத்தமா பேசும். ஒரே ஆள்கிட்ட ரெண்டு போலீஸ்காரங்க தனித்தனியா விசாரிக்கிற மாதிரி.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மாஸ் ஸ்பெக்ட்ரம்தான். புரோமினுக்கு இயற்கையிலேயே ரெண்டு எடை, 79-ம் 81-ம், ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அதனால ஒரு புரோமின் உள்ள மூலக்கூறு படத்தில் ஒரே உயரத்தில் ரெட்டைக் கோபுரமா நிக்கும். ரெண்டு புரோமின் இருந்தா மூணு கோபுரம், 1:2:1 உயரத்தில். நடுவில் ராஜகோபுரம், ரெண்டு பக்கமும் சின்னக் கோபுரம்! டைபுரோமைடு உடையாம போய்ச் சேர்ந்தா 306, 308, 310-ல் இந்த மூணும் தெரியணும். 236 அடி ராஜகோபுரத்தைத் தினமும் பார்க்கிறவனுக்கு இதெல்லாம் மனப்பாடம் பண்ணவே வேண்டாம்.

எங்க பொடியோட ஐ.ஆர். பேப்பரைக் கையில் வாங்கினப்போ 1,630-ல் ஆழமா ஒரு பள்ளம். அதுக்குப் பக்கத்தில் அக்கா பென்சிலால ஒரு வட்டம் போட்டாங்க. என் பொய்யை யாரோ வரைஞ்சு காட்டின மாதிரி இருந்துச்சு.

* புரோமின்... உஷார்! *

* அறை வெப்பநிலையில் திரவமா இருக்கிற ஒரே அலோகத் தனிமம் புரோமின்தான். 59 டிகிரியிலேயே கொதிக்கும், அதுக்கு முன்னாடியே ஆவியா கிளம்பும். கண்ணு, நுரையீரல் ரெண்டுக்கும் எமன். தோலில் பட்டா மோசமான புண்.

* ஃப்யூம் ஹுட், கையுறை, கண்ணாடி மூணும் இல்லாம கிட்டப் போகாதீங்க. பக்கத்தில் ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்ஃபேட் கரைசல் தயாரா இருக்கணும். சிந்தின புரோமினை அது அடக்கிடும்.

* பழைய லேப் புத்தகங்களில் ‘கார்பன் டெட்ராகுளோரைடில் கரைச்ச புரோமின்’னு இருக்கும். ஓசோனை அரிக்கிறதால மான்ட்ரியல் ஒப்பந்தம் கார்பன் டெட்ராகுளோரைடைக் கட்டுப்படுத்திடுச்சு. கல்லீரலுக்கும் அது ஆகாது.

* புது வழி: 5 பங்கு புரோமைடு, 1 பங்கு புரோமேட். இதில் ஆசிட் சேர்ந்தா தேவையான புரோமின் அங்கேயே, அப்பப்போ உண்டாகி அப்பப்போ செலவாகும். புரோமினைத் தூக்கிக்கிட்டு அலைய வேண்டாம். பவநகரில் இருக்கிற மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் இந்த வழியில் நிறைய வேலை பார்த்திருக்கு.

* ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 65 மில்லிகிராம் புரோமைடுதான். உப்பு பிரிஞ்ச பிறகு மிஞ்சுற கசப்பு நீரில் அது செறிவா சேரும். இந்தியாவோட புரோமின் குஜராத் பக்கத்துக் கசப்பு நீரிலிருந்துதான் வருது.

ரெண்டாவது ரவுண்டு

மறுநாள் சார் ரூமுக்குப் போய் எல்லாத்தையும் சொன்னேன். பார்ட்னருக்குச் செம கோபம். ‘‘நீ நல்லவனாகறதுக்கு என் மார்க்கை ஏன்டா பலி கொடுக்கறே?’’ன்னான். நியாயமான கேள்வி. ரெண்டு பேருக்கும் ஒரே பேட்ச், ஒரே ரிசல்ட். நான் வாயைத் திறந்தா அவனுக்கும் அடி விழும். அதை நான் அவன்கிட்ட முதல்ல கேட்டிருக்கணும், கேக்கலை. ஒரு வாரம் அவன் என்னோட பேசலை.

சார் ரெக்கார்டை வாங்கி, 9-ஐ அடிச்சு 6 போட்டார். அப்புறம் சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கு. ‘‘117-னு எழுதியிருந்தா 9 போட்டிருப்பேன்டா. ஏன் 117-னு ஒரு வரி யோசிச்சு எழுதியிருந்தா 10 போட்டிருப்பேன்.’’

அடுத்த சனிக்கிழமை திரும்பவும் பண்ண அனுமதி கிடைச்சுது. புது பாட்டில் ட்ரைபுரோமைடு. மூடியைத் திறந்ததும் ஆரஞ்சு-சிவப்பு கண்ணைப் பறிச்சுது. வாசலில் நிழல் ஆடுச்சு. பார்ட்னர்! ‘‘ஓரமா நில்லு, நீ எடை போட்டா இதுவும் சொதப்பும்’’னான். சமாதானம்னா எங்க ஊரில் இப்படித்தான்.

இந்தத் தடவை கடைசிவரைக்கும் லேசான ஆரஞ்சு நிறம் நின்னுச்சு. கொஞ்சம் சோடியம் பைசல்ஃபைட் விட்டதும் அது வெளுத்துச்சு. தண்ணீரில் ஊத்தினோம். வெள்ளைப் படிகம். காய வெச்சு எடை போட்டா 2.5 கிராம். முழுசா கிடைச்சா 3.08 இருக்கணும், ஆக 81 சதவிகிதம். குழாயில் அடைச்சு சூடேத்தினோம். 117... ஒண்ணும் ஆகலை. 133... கல்லு மாதிரி இருக்கு. 150, 180... பார்ட்னர் மூச்சு விடறதையே நிறுத்திட்டான். 201-ல் ஓரம் ஈரமாச்சு. 203-ல் மொத்தமா உருகி, லேசா பழுப்பாச்சு.

‘‘204 வரலையேடா...’’ன்னு இழுத்தான்.

‘‘201-லிருந்து 203. அதையே எழுது.’’

ஐ.ஆரில் 1,630 பள்ளம் காலி. அக்கா அந்தப் பேப்பரைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை. பாட்டிலை மட்டும் வாங்கிக்கிட்டுப் போனாங்க. அதைவிடப் பெரிய சர்ட்டிஃபிகேட் எனக்கு இதுவரைக்கும் கிடைக்கலை.

பழைய பாட்டில் இன்னும் அந்த அலமாரியில் இருக்கு. லேபிளை மட்டும் மாத்தியாச்சு. ‘கலவை. சின்னமிக் ஆசிட் மிச்சம் இருக்கு. 117-லிருந்து உருகத் தொடங்குது.’ கீழே எங்க ரெண்டு பேர் பேரும் உண்டு.

இந்த வருஷம் ஜூனியர் பையன் ஒருத்தன் என் ரெக்கார்டைக் கேட்டு வாங்கிட்டுப் போனான். ராத்திரியே போன்.

‘‘அண்ணா, புரோமினேஷன் எக்ஸ்பரிமென்ட்ல ரெண்டு உருகுநிலை எழுதியிருக்கீங்களே, 117-ம் இருக்கு, 201-203-ம் இருக்கு. நான் எதைண்ணா காப்பி அடிக்கணும்?’’

‘‘உன் குழாய்ல எது வருதோ அதைடா!’’